திரும்பிப் போன மருந்து

அவைத்தலைவர் அவர்களே! முட்கம்பி முகாமிலிருந்து மீண்டு வந்து, பற்றைக்காடு வெட்டிப் பயிர் வளர்த்த பெரியோரே! கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்து பிள்ளைகளோடு வீடு சேர்ந்த தாய்மாரே! புத்தளத்து அகதிக் கொட்டில்களிலிருந்து பிறந்த மண்ணுக்குத் திரும்பிய எருக்கலம்பிட்டிச் சகோதரரே! பாப்பாமோட்டைப் பரமநாதனின் பணிவான வணக்கம்.

தானியங்கி வான்போக்குவரத்து முறைமைக்கு நன்றி கூற என்னை அழைத்திருக்கிறார்கள். விமானம், ஹெலிகொப்டர், ஆளில்லா ட்ரோன் அனைத்துக்கும் ஒரே கணினி வழிவிடுமாம். மனிதத் தவறே நேராதாம். நன்று! மிக நன்று!

சென்ற மார்கழி வெள்ளத்தில் வீதி மூழ்கியது. மழை விட்ட காலையில் வயலுக்குப் போன என் மனைவி சிவபாக்கியத்தைப் புடையன் பாம்பு தீண்டியது. ஊர் மருந்தகத்தில் தாதி இருந்தார், விஷமுறிவு மருந்து இல்லை. ட்ரோன் இயக்கும் வஸீர் தம்பி மன்னாரிலிருந்து மருந்தை ஏற்றி அனுப்பினார். இருபது நிமிடம்! இருபதே நிமிடம்! அண்ணாந்து நின்றேன். பொட்டுப்போலத் தெரிந்தது. வந்தது. நின்றது. திரும்பிவிட்டது!

ஏன்? இந்த முறைமையின் வெள்ளோட்டத்தைப் பார்க்க வந்த விருந்தினரின் ஹெலிகொப்டர் அவ்வழியே பறந்தது. கணினி வானத்தை மூடியது. நான்கு நிமிடத்தில் ஹெலிகொப்டர் போய்விட்டது. வானம் திறந்ததா? இல்லை! புதிதாக அனுமதி கேட்க வேண்டுமாம்.

வஸீர் தொலைபேசியில் அழுதார்: "அண்ணை, அனுமதி கேட்டு அவையின்ர நிலையத்துக்குப் பதினொரு தரம் எடுத்துப் பாத்திட்டன். மனுசர் ஒருத்தரும் கதைக்கேல்லை, பதிவு பண்ணின குரல்தான் கதைக்குது. நான் உழவு மெசினில கொண்டு வாறன்."

"மருந்து வந்திட்டுதோ?" என்றாள் சிவபாக்கியம்.

"ஓம், வந்திட்டுது" என்று பொய் சொன்னேன்.

மூன்று மணிநேரம் கழித்து, வெள்ளத்தில் நின்றுபோன உழவு மெசினை விட்டிறங்கி, மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து, மார்பளவு வெள்ளத்தில் நடந்து வந்தார் வஸீர். அவள் கண்மூடி அரைமணி ஆகியிருந்தது.

அழாதீர்கள் அம்மா, கேளுங்கள்! என்ன ஐயா? விசாரணையா? நடந்தது! 'முறைமை சரியாகவே இயங்கியது' என்று ஒற்றை வரியில் அறிக்கை வந்தது. எல்லாம் சரி; என் மனைவி செத்தது மட்டும்தான் பிழை!

போரில் வானத்துக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் ஓடினோம். போர் முடிந்து, வானத்தை நம்பி முற்றத்தில் நின்றோம். நம்பியதற்கா இந்தத் தண்டனை?

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர் காக்கும் மருந்துக்கு முதல் வழி வேண்டும்! மறித்தால், ஏன் மறித்தாய் என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்! அவருக்கு ஒரு பெயர் வேண்டும்! அதுவரை நன்றி என்ற சொல் என் நாவில் வராது.

மழைத்தூறலில் நனைந்தும் எழுந்து போகாத உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.