எரியாத விளக்கு

அப்பா காரைத் துடைக்கப் பழைய பனியன் துணியைத்தான் எடுப்பார். கடையில் விற்கும் துணி கண்ணாடியில் கோடு போடும் என்பார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு சுவர் சாய்ந்திருக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். தன் கண்ணில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் மருத்துவமனையில் இதயப் பிரிவில் நர்ஸ். பகலெல்லாம் பிறரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தால், காரோடு வாசலில் நிற்பார். வழி நெடுகப் பேச்சு. முன்னால் போகிறவன் சிக்னல் போடாதது, தம்பி போன் செய்யாதது, நான் கல்யாணம் செய்துகொள்ளாதது. வாயைத் திறக்கத் தெம்பில்லாமல் ‘ம்’ கொட்டிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தார். பிறகு ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். ஓட்டியது போதும் என்றேன். “என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?” என்றார். வெளியூரில் இருக்கும் தம்பியோ, “நல்லாத்தானே ஓட்டுறாரு, நீ ஏன்க்கா சும்மா பயப்படுற?” என்று போனை வைத்துவிட்டான்.

அதனால்தான் செய்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. அதன் பிளக்கைப் பாதி இழுத்து விட்டேன். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் தொடர்பு அறுந்து, என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அப்பா மெக்கானிக்கிடம் கிளம்பும்முன் பிளக்கை அழுத்திவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகி, வண்டியின் கம்ப்யூட்டரில் விழுந்த பதிவை அழித்துவிடுவேன். விளக்கும் அணைந்துவிடும்.

“ஐயா, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லியே,” என்றார் மெக்கானிக். “விளக்கு எரிஞ்சிருந்தா அது ஞாபகம் வெச்சிருக்கும்.”

“எனக்கும் ஞாபகம் இருக்குப்பா,” என்று சிரித்தார் அப்பா.

அடுத்தடுத்துப் போனபோது சிரிப்பு குறைந்தது. மெக்கானிக் அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வருத்தமாகத் தலையசைத்தேன். வருத்தம் உண்மையானதுதான்.

ஒரு மாலை இருவரும் வந்துகொண்டிருந்தோம். விளக்கு எரிந்தது.

“பாரும்மா. இப்ப எரியுது பாரு.”

“எதுப்பா?”

“இதோ, மஞ்சளா.”

“ஒண்ணும் எரியலியேப்பா.”

வண்டியை ஓரம் கட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விளக்கின் மேல் விரலை வைத்தார். அவர் நகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பிறகு சாவியை என் மடியில் வைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம், உண்மைதான். ஆனால் வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்தார். “அடுப்ப அணைச்சிட்டேனாம்மா?” என்பார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, “வெளிய மழை பெய்யுதா?” என்பார். சாரல் அவர் சட்டையில் அடித்துக்கொண்டிருக்கும். சில நாள் ஆமாம் என்பேன். அலுப்பாக இருந்தால் இல்லை என்பேன். எதுவானாலும் ஏற்றுக்கொள்வார், சட்டைக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போய் உட்காருவார்.

அன்று ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஷிப்டாகப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு நெஞ்சு வலிக்குதாம்மா?” என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என் வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பார்த்த உடனே ஓடுவேன், டாக்டரைக் கூப்பிடுவேன். அங்கே என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். ஆனால் அது வேலை நேரம். இது வீடு. மறுபடி காரை எடுத்து, மறுபடி அதே வாசலுக்குப் போய், மறுபடி அதே படியேற என் கால் வரவில்லை.

“இல்லப்பா,” என்றேன். “வலிக்கல. படுத்துக்கோங்க.”

“அப்படியா,” என்றார். “சரிம்மா.”

தானே நடந்து போய்ப் படுத்தார். நான் சமையலறையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். ஆறவைத்து, நிதானமாக. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, கை மட்டும் நெஞ்சின் மேல் இருந்தது. கண்ணை மூடிவிட்டேன்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்திருக்கும். நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன். ஏனென்றால் அப்பா துடித்துப் போயிருப்பாரே என்று தம்பி அழுதுகொண்டே இருக்கிறான். அவனிடம் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கடைசிவரை வலி இல்லை. அவரே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.