ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

எங்கள் வீட்டுக் காப்பி கொஞ்சம் கசக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய கை, அவர் போன பிறகும் மாறவில்லை. சர்க்கரை அந்த நீல டப்பாவில் இருக்கிறது. எழுதுவதைப் பிறகு எழுதலாம், முதலில் குடியுங்கள். நான் எங்கும் ஓடிப் போகப் போவதில்லை.

பெயர் கிளென்னா. வயது அறுபது. கல்யாணம் ஆகவில்லை. கென்டக்கியின் இந்த மலைப்பக்கத்தை விட்டு ஒரு மாதம்கூட வெளியே இருந்தது கிடையாது. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்த ராய்ஸ் என் தம்பி. ஒஹையோவில் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வருவான், மூன்று மணி நேரம் இருப்பான், போய்விடுவான். அவனைத் தங்கமான பிள்ளை என்று ஊரே சொல்லும். தினமும் இருக்கிறவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவள் இருக்கிறாள், அவ்வளவுதான்.

அப்பா ஹோபர்ட் எங்கள் திருச்சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. ஒருவர் ஒரு வரியைச் சொல்வார், மற்றவர்கள் எல்லோரும் அதையே நீட்டி இழுத்துப் பாடுவார்கள். ஐம்பது வருஷம் அந்த முதல் வரி அப்பாவுடையது. எண்பது வயதில் மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை, பிறகு என்னை.

மரியாதையாகத்தான் மறந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்டி, உள்ளாடை மாற்றி, சட்டைப் பொத்தான் போட்டு முடித்தால் என் கையைத் தட்டிக் கொடுப்பார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க யார் வீட்டுப் பொண்ணு?"

"ஹோபர்ட் வீட்டுப் பொண்ணு."

"அப்படியா? நல்ல மனுஷன். விசாரிச்சேன்னு சொல்லுங்க."

முதல் தடவை சிரித்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ராய்ஸை மட்டும் அவர் மறக்கவில்லை. வாசல் சரளைக் கல்லில் அவன் வண்டி ஏறும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். "என் பையன் வந்துட்டான்." அவன் பெயர், அவன் மனைவி பெயர், அவன் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர், எல்லாம் வரும். ஒரு ஞாயிறு இருவரும் உட்கார்ந்து பாடினார்கள். அப்பா வரியை எடுத்துக் கொடுத்தார், ராய்ஸ் இழுத்துப் பாடினான். நான் சமையலறையில் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன். அது சின்ன வயதிலிருந்து நானும் பாடிய பாட்டு, வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. அப்பா நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா நாங்க அப்பனும் மகனும் பாடிட்டிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

ராய்ஸ் சிரித்தான். அவன் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. "விடுக்கா, அவருக்கென்ன தெரியும்" என்றான். கோழியைத் திருப்பிப் போட்டேன். அன்று அது கருகவில்லை, நன்றாகத்தான் வந்தது.

நீங்கள் கேட்ட எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தூங்கமாட்டார். எழுந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் விற்ற புகையிலைக் கொட்டகையைத் தேடிப் போவார். இரண்டு வருஷம் நான் ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்கினேன். தூக்கத்துக்குச் சி.பி.டி எண்ணெய் கொடுக்கலாம் என்று சொன்னவனே ராய்ஸ்தான். "என்கூட வேலை செய்யறவன் அவங்கம்மாவுக்குக் குடுக்குறானாம்க்கா. கொழந்தையாட்டம் தூங்குறாங்களாம்." எங்கள் பக்கத்து நிலத்து வெர்ஜில் புகையிலையை விட்டுவிட்டு அந்த எண்ணெய் எடுக்கிற செடியைத்தான் போட்டிருந்தான். "கஞ்சா குடும்பந்தான், இல்லேங்கல. ஆனா இது அந்தக் குடும்பத்துல திருந்துன புள்ள, போதை ஏத்தாது" என்று சபை வாசலிலேயே நின்று சொல்வான்.

நான் முறைப்படி எல்லாம் செய்தேன். மருந்துக் கடையில் கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு. இந்த எண்ணெய் அதோட வேகத்தைக் கூட்டிவிட்டுரும். அளவு மீறுனா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும். டாக்டர்கிட்ட சொல்லாம ஒரு சொட்டு குடுக்காதீங்க." டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரையைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கச் சொல்லி, ஆறு சொட்டுக்கு ஒத்துக்கொண்டார். எங்கள் சபையில் கடையில் வாங்கிய மருந்தைக்கூட ஜெபிக்காமல் திறக்கமாட்டோம். புதன்கிழமைக் கூட்டத்தில் பாட்டில் கைக்குக் கை மாறியது. "ஹோபர்ட் தூங்கணும், கிளென்னாவும் தூங்கணும்" என்று பெரியவர் வேண்டினார். அப்படி ஜெபித்த பாட்டிலை அதற்குப் பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

ஆறு சொட்டைச் சோளப்பாகில் கலந்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கொடுப்பேன். தூங்கினார். நானும் தூங்கினேன். எண்ணெய் மேல் பழி போடாதீர்கள், அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

முதல் ஞாயிறு நிஜமாகவே கைப்பிசகு. வெர்ஜில் தானே காய்ச்சிய கெட்டி எண்ணெயை ஊறுகாய் பாட்டிலில் கொடுத்திருந்தான். சீட்டு எதுவும் ஒட்டவில்லை, தார் மாதிரி இருக்கும். "கடுகளவு போதும்க்கா" என்றான். சனிக்கிழமை கொடுக்க மறந்துவிட்டேன். ஞாயிறு காலைச் சாப்பாட்டோடு ஒரு டீஸ்பூன் கொடுத்துவிட்டேன். அப்பா மாலை ஐந்து வரை எழுந்திருக்கவில்லை.

ராய்ஸ் வந்தான். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பிறகு சமையலறைக்கு வந்தான். வேறு எங்கே போவான்? நான் செய்த கோழியைப் பாராட்டினான். தட்டைக் கழுவித் தந்தான். "நீ எப்படிக்கா இருக்கே?" என்று கேட்டான். சார், அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே தெரியாது. முழங்கால் வலியைச் சொன்னேன். கூரை ஒழுகுவதைச் சொன்னேன். அவன் இரண்டு மணி நேரம் கேட்டான்.

அடுத்த ஞாயிறு கைப்பிசகு இல்லை.

பதினான்கு மாதம் அப்படி நடந்தது. வாரத்தில் ஆறு நாள் ஆறு சொட்டு, ஞாயிறு காலை அந்தத் தார் ஒரு ஸ்பூன். ராய்ஸ் வருவான், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் ராய்ஸ் வந்திருக்கேன்" என்பான். அப்பா அரைக் கண் திறந்து மூடிக்கொள்வார். சில நாள் ராய்ஸ் அழுவான். அழுது முடித்துச் சமையலறைக்கு வருவான், நான் சூடாகச் சோள ரொட்டி வைத்திருப்பேன். "அவர் இனிமே என்னைத் தெரிஞ்சுக்கவே மாட்டாராக்கா?" என்று ஒருநாள் கேட்டான். "நோய் அப்படிடா. ஒவ்வொருத்தரா மறப்பாங்க" என்றேன். அது பொய் இல்லையே. பொதுவாக மறதி நோய் அப்படித்தான்.

குளிர்காலத்தில் அப்பாவின் கையில் ஊதா நிறத்தில் ரத்தக்கட்டுகள் வந்தன. ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகவில்லை. சாலையில் பனி உறைந்திருக்கிறது என்று போன் செய்து சொன்னேன். பனி இருந்தது, அதுவும் உண்மை. மூன்றாவது தடவை சொன்னபோது பனி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டேன். மருந்துக் கடைப் பெண் சொன்னது ஞாபகம் இருந்ததா என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறீர்கள், தலைகீழாகவே படிக்க முடிகிறது. இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அப்பா கண் திறக்கவில்லை. மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். எண்பத்து நாலு வயது, யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அடக்கம் முடிந்து சபையின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பெண்கள் அவரவர் பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டிக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். அங்கேதான் லெட்டி வாயைத் திறந்தாள். வாரத்தில் மூன்று காலை உதவிக்கு வந்த பெண், கள்ளமில்லாதவள். ராய்ஸின் தட்டில் பீன்ஸ் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான் ராய்ஸா? ஐயோ, உங்கப்பா காலையில கண்ணு முழிச்சா உங்க பேர்தான். 'இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா, என் பையன் வருவானா'ன்னு கேட்டுக் கேட்டு என் உசுர எடுத்துருவாரு."

"எப்போ?"

"எப்போன்னா? போன வெள்ளிக்கெழமகூட. பாட்டெல்லாம் எடுத்துக் குடுத்தாரே."

ராய்ஸ் தட்டைக் கீழே வைத்தான். கூட்டம் முழுவதையும் தாண்டி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு போனவன் இன்னும் என்னிடம் பேசவில்லை, உங்களைத்தான் அனுப்பியிருக்கிறான். ஊறுகாய் பாட்டில் அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. ஒளித்துவைக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஞாயிறு என்ன நடந்தது என்று கேட்டீர்கள். வழக்கம் போலத்தான். காலைச் சாப்பாடு ஊட்டி முடித்து, சோளப்பாகில் கலந்த ஸ்பூனை வாயருகே கொண்டு போனேன். அப்பா வாயை மூடிக்கொண்டார். அப்படிச் செய்கிறவர் இல்லை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கிளென்னா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு சார். என் பெயர். பாதி பாகு அவர் சட்டையில் சிந்திவிட்டது. "ஆமாப்பா, நான்தான், கிளென்னா" என்றேன். அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, சத்தம் போட்டு அழுதேன்.

"கிளென்னா, ஞாயித்துக்கெழம மட்டும் இது வேண்டாம்மா. ராய்ஸ் வருவான். அவனைப் பாக்கணும்."

சட்டையைத் துடைத்துவிட்டேன். சிந்தியதற்கும் சேர்த்து இன்னொரு ஸ்பூன் கலந்தேன். அவர் என் மணிக்கட்டை விடவில்லை, அதனால் இடது கையால் ஊட்ட வேண்டியிருந்தது. மகள் சொல்கிறாள் என்று விழுங்கினார். அவ்வளவு குழப்பத்தில் இருந்தவருக்கு அன்று நல்ல தூக்கம் அவசியம் என்று எனக்குத் தோன்றியது.