பர்மா தேக்குக் கதவு

— வெஸ்ட்மார்க் ஐயா மொகத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கு துரைராசு. மூணாவது தடவை ஜெயிச்ச மொகம்.

— இதுக்கு மேல பெருசாக்கினா காது ரெண்டும் பேனருக்கு வெளிய போயிரும் சார். போன மாசம் கட்டினதையே திருவாரூர் ரோட்டுல லாரிய நிறுத்திட்டு பாக்குறானுங்க, ஸ்வீடன்காரருக்கு இந்த ஊர்ல என்ன வேலைன்னு.

— சொல்ல வேண்டியதுதான. அவங்க அப்பா இங்க மிஷனரியா இருந்தப்ப எங்க அம்மாதான் ஆயா. எங்க அம்மா இடுப்புல வளர்ந்த புள்ள. அங்க போயி மொதல்ல முனிசிபல் கவுன்சிலர், அப்புறம் அவங்க நாட்டு பார்லிமென்ட், இப்ப ஐரோப்பாவுக்கே பார்லிமென்ட்.

— என்ன கட்சி சார்? கலர் போடணும்ல.

— கன்சர்வேட்டிவ். நீலம் போடு. கட்டுப்பாடான கட்சி.

— வெளிநாட்டுக்காரன உள்ள விடமாட்டேன்னு சொல்லித்தான் ஜெயிச்சாருன்னு நெட்டுல கெடக்கு.

— அது அடுத்தவன. நம்மள எதுக்குச் சொல்லப்போறாரு? குடியேற்றக் கமிட்டிக்கே இப்ப அவருதான் தலைவர். எம்மவன் எபி ஸ்வீடன்ல தங்கறதுக்கு மனு போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கான். பேனர்ல அவன் மூஞ்சியப் பாத்தா நம்ம வீட்டுப் புள்ளன்னு ஐயாவுக்குப் புரிஞ்சிரும்ல. அதான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

— பதில் வந்துச்சா?

— அவரு பேஜுலயே போட்டுட்டாருடா. நான் பிறந்த ஊரு, இந்து முஸ்லிம் கிறிஸ்தவர் எல்லாம் ஒரே கதவு முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு. அதுக்கு நன்றி சொல்லித்தான் இந்த ரெண்டாவது பேனர். கீழ போடு: இப்படிக்கு வேதமாணிக்கம் எம்.ஏ., பி.எட்., தலைமை ஆசிரியர், ஓய்வு, ஐரோப்பிய நாடாளுமன்ற நற்பணி மன்றம், நிறுவனர்.

— மன்றத்துல எத்தனை பேரு சார்?

— இப்போதைக்கு நிறுவனர். எபி படத்த எங்க வச்சிருக்க?

— அதே படந்தான் சார், அவன் கிளம்பின அன்னிக்கு எடுத்தது. சும்மா நச்சுன்னு இருக்கு. இந்தப் பக்கம் பள்ளிவாசல் மஜீது பாய், அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் இராஜாங்கம், நடுவுல மாலையோட எபி.

— பின்னால சர்ச் கதவ வெட்டிராத. ஐயாவோட அப்பா பர்மா தேக்குல போட்டுக் குடுத்தது. நமக்குன்னு இருக்கற பெருமை அது ஒண்ணுதான்.

— போன் அடிக்குது பாருங்க. எபிதான். ஸ்பீக்கர்ல போடுங்க சார், நானும் ஒரு வார்த்தை பேசிக்கறேன்.

— எபி, பேனர் பாத்தியாடா?

— பாத்தேன்பா. இங்க ஆபீஸ்ல காட்டினாங்க.

— அது வரைக்கும் போயிருச்சா. நான் சொல்லல துரைராசு?

— அப்பா, மனுவுல நான் என்ன எழுதியிருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு? ஊர்ல கிறிஸ்தவங்கள வாழ விடல, சர்ச்ச எரிச்சாங்க, உயிருக்குப் பயந்து ஓடியாந்தேன்னு. எரிச்சது யாருன்னு கேட்டாங்க. வாயில வந்த பேரச் சொன்னேன். இராஜாங்கம், அப்துல் மஜீதுன்னு.

— அப்படி ஒண்ணும் நடக்கலையேடா.

— நடக்கலன்னுதான் அவங்களும் சொல்றாங்க. உங்க பேனரக் காட்டி.

— நான் ஐயாகிட்ட பேசறேன். எங்க அம்மா பேரச் சொன்னா...

— அவருதான்பா அத கமிட்டியில காட்டினாரு. பொய் சொல்லிட்டு வர்றவங்களுக்கு இதுதான் உதாரணம்னு. மனு தள்ளிட்டாங்க. மேல்முறையீட்டுக்கு ஆதாரம் எதாவது இருந்தா இந்த மாசத்துக்குள்ள குடுக்கணுமாம். இல்லாட்டி பிளேன் ஏத்தி விட்டுருவாங்க.

— இங்க வந்து என்னடா பண்ணுவ? வாய்க்கால்ல ஆடு மேயுது. குறுவை போட்டவன் ஒருத்தனும் இல்ல.

— தெரியும்பா. வச்சிடறேன்.

— உக்காருங்க சார். ஒரு டீ சொல்றேன். இந்த பேனர் வேணாம், அழிச்சிடறேன்.

— துரைராசு, இராஜாங்கமும் மஜீதும் என் பேச்சத் தட்டமாட்டாங்கல்ல?

— உங்ககிட்ட படிச்சவங்க சார். எபிக்கு ஒண்ணுன்னா உயிரயே குடுப்பாங்க. எதுக்குக் கேக்கறீங்க?

— உயிரெல்லாம் வேணாம். ஆளுக்கொரு கேன் மண்ணெண்ணெய் எடுத்துக்கிட்டு சர்ச்சுக்கு வரச் சொல்லு. நீ கேமராவ எடுத்துக்க. கதவு மட்டும் எரிஞ்சாப் போதும்.