அமைதிப் பலகை

இந்த ஏலக்காய் பன் நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்தில் இவ்வளவு பதமான பன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தட்டில் இனி ஒன்றுதான் மிச்சம். அதை நீங்களும் எடுக்கமாட்டீர்கள், நானும் எடுக்கமாட்டேன். பாதியைப் பிய்ப்போம், அப்புறம் பாதியில் பாதி, கடைசியில் ஒரு விரல்நுனி அளவுத் துண்டு தட்டிலேயே காய்ந்து கிடக்கும். கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஆளை ஸ்வீடனில் நான் இன்னும் பார்த்ததில்லை. எங்கள் தொழிற்சாலைக் கூட்டங்களும் அப்படித்தான் நடக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் அல்கோத் சாந்தேன். ஸ்மோலாந்துக் காட்டுப் பக்கம், ஏரிக்கரையில் இருக்கும் மரப் பொம்மைத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். நான் செய்தது ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு பலகை, பலகையில் செதுக்கிய பள்ளமாக வளைந்து வளைந்து போகும் காடி, காடிக்குள் ஓடும் ஓர் எஃகுக் குண்டு. பெட்டியின் பக்கங்களில் இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் பலகை இடம் வலமாகச் சாயும், மற்றதைத் திருகினால் முன்னும் பின்னும் சாயும். ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும் ஒரு குழி. கை அவசரப்பட்டால் குண்டு காடியை விட்டு ஏறிக் குழிக்குள் போய்விடும். டொக் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அடித்தட்டுக்கு எத்தனையோ மரங்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் பிர்ச் மரத்தை முடிவு செய்தேன்.

மருத்துவமனையில், பக்கவாதத்தில் கை மரத்துப்போனவர்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தோம். குண்டு விழும்போதெல்லாம் அவர்கள் முனகினார்கள், மறுபடி குமிழைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் தாங்களே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். விழுந்தால்தான் கைக்குப் புத்தி வரும். இதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் உறுதியாகத் தெரிந்தது எதுவும் இல்லை.

பெட்டியைத் தயாரிப்புக்கு அனுப்பும் முன் ஒரு குழு கூட வேண்டும். மேலாளர் டோர்ஸ்டன் நல்ல மனிதர், குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிப் பனியில் துளை போட்டு முங்கிக் குளிப்பவர். விற்பனையைப் பார்த்தவர் ஹில்டிங். மூன்றாவது ஆள் குன்வோர், குழந்தைகளின் மனநலத்துக்காகப் புதிதாக வந்த பெண்மணி. அது எழுபத்து நான்காம் வருஷம், எந்தப் பொம்மையும் குன்வோர் மாதிரி ஒருவரைக் கேட்காமல் வெளியே போகாது.

அவர் பெட்டியைத் தொடாமலே வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் குண்டு ஏன் விழணும், அல்கோத்? விழுந்தா தன்மேலதான் தப்புன்னு புள்ளைக்குத் தோணிடாதா?”

தப்பு பிள்ளையுடையதுதானே என்று சொன்னேன். மூவரும் குனிந்து தங்கள் காபியைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

முதலில் குழியைச் சின்னதாக்கச் சொன்னார்கள். சின்னதாக்கினேன். குண்டு குழியின் வாயில் உட்கார்ந்துகொண்டது, விழவும் இல்லை, நகரவும் இல்லை. குண்டு தொலையாது, கடைக்காரர்களிடமிருந்து புகாரும் வராது என்று ஹில்டிங் சந்தோஷப்பட்டார். அடுத்த கூட்டத்தில் குழியையே அடைத்துவிடலாம் என்று முடிவானது. அதற்கடுத்த கூட்டத்தில், பலகையைச் சாய்த்ததும் குண்டு பிள்ளையை விட்டு விலகி ஓடுகிறது, பிரிவு ஏக்கம் வரும் என்று குன்வோர் கவலைப்பட்டார். குண்டைக் காடியில் பசை வைத்து ஒட்டினோம். ஒட்டிய குண்டுக்குக் குமிழ் எதற்கு என்று ஹில்டிங் கேட்டார், நியாயமான கேள்விதான். கடைசியில் காடியும் தூசி அடையும் என்று அதையும் விட்டுவிட்டு, ஒரு தட்டைப் பலகையில் காடி மாதிரி ஒரு கோடும் குண்டு மாதிரி ஒரு வட்டமும் வரைந்தோம். வட்டத்துக்கு நீல நிறம். அதற்கு அமைதிப் பலகை என்று பெயர் வைத்தார்கள்.

“எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்று டோர்ஸ்டன் கேட்டார். என் பக்கம் திரும்பி, “அல்கோத், மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. உங்க மனசு கோணாம செய்யணும்னுதான் இவ்வளவு நாள் பேசினோம்” என்றார்.

நான் தலையாட்டினேன். வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. தட்டில் இருந்த பன்னில் பாதியின் பாதியை எடுத்துக்கொண்டேன்.

அமைதிப் பலகை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அதன்மேல் சூடான உருளைக்கிழங்குப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். நன்றாகத் தாங்கியது. எனக்குத்தான் தாங்கவில்லை, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். கோபம் இல்லை. ஒரு விஷயம் மட்டும்தான் மனதை அரித்தது. அந்த மூவரில் ஒருவர்கூட என் குமிழைத் தொட்டுத் திருகிப் பார்க்கவில்லை. விளையாடாதவர்கள் விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை விளையாடினால் அவர்களுக்கே புரிந்துவிடும் என்று தோன்றியது. இன்றைக்கும் அது சரியான எண்ணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் பனிச்சறுக்கு நாள் உண்டு. காலையில் முதலில் குழுவில் இருப்பவர்கள் கிளம்புவார்கள், மற்றவர்கள் மதியம் வருவார்கள். முந்தின நாளே பனியில் தடம் போட்டு வைப்பது எப்போதும் என் வேலை. சறுக்குக் கட்டைகள் இரண்டும் பொருந்துகிற மாதிரி இரண்டு பள்ளக் கோடுகள். யோசித்துப் பார்த்தால் அதுவும் காடிதான். மேட்டிலிருந்து இறங்கி, உறைந்த ஏரியின் மேல் சுற்றி எதிர்க்கரைக்கு வருகிற மாதிரி, என் வரைபடத்தின் வளைவுகளை அப்படியே பெரிதாக்கித் தடம் போட்டேன். பலகையைச் சாய்ப்பதுபோல ஏரியைச் சாய்க்க முடியாது, அதனால் வளைவுகளில் தடத்தைச் சாய்த்தேன். ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும் பனி அறுக்கும் ரம்பத்தால் தண்ணீர் தெரியும்வரை அறுத்துக் குழி போட்டேன். அளவு கேட்டீர்கள். குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, எப்போதும் அதுதான் கணக்கு.

குழியின் மேல் மெல்லிய ஏடு உறைந்ததும், அதன்மேல் பனி தூவியதும் என் செயல் இல்லை. அது இரவில் தானாகப் பெய்தது. வானொலியில் முன்பே சொல்லியிருந்தார்கள் என்பது உண்மை. வானொலியை எல்லோரும்தான் கேட்கிறார்கள்.

காலையில் எதிர்க்கரையில், தடம் முடியும் இடத்தில், சூடான புளூபெர்ரிப் பழ சூப் நிரப்பிய பிளாஸ்க்கோடு நின்றேன். டோர்ஸ்டன் முதலில் வந்தார். முதல் வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சத்தம் பிர்ச் மரத்தில் கேட்ட மாதிரி இல்லை, ஏமாற்றமாக இருந்தது.

கொஞ்சம் பின்னால் குன்வோர் வந்தார். டோர்ஸ்டனின் தலையும் ஒரு கையும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. மேலாளர் ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் இருக்கிறார் என்று குன்வோர் நினைத்துக்கொண்டார், உங்களிடமும் அதைத்தானே சொல்லியிருக்கிறார். குளிக்கிற மனிதரை உற்றுப் பார்ப்பது நாகரிகம் இல்லை. அவர் முகத்தை மரியாதையாக மறுபக்கம் திருப்பி, கையை மட்டும் உயர்த்தி அசைத்துவிட்டுப் போனார். முகத்தைத் திருப்பியிருந்ததால் இரண்டாவது வளைவை அவர் பார்க்கவில்லை.

ஹில்டிங் நின்றார். குளிரில் பனிமேல் குரல் வெகுதூரம் வரும், எனக்கு எல்லாம் கேட்டது.

“தண்ணி எப்படியிருக்கு?” என்று கேட்டார்.

“கொஞ்சம் கை குடுத்தா நல்லாருக்கும்” என்றார் டோர்ஸ்டன். பல் கிடுகிடுத்தது. “அவசரம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு முடிஞ்சா போதும்.”

“தடத்தை மிதிச்சுட்டு எப்படி வர்றது? பின்னால வர்றவங்களுக்குக் கெட்டுப்போயிடும். ஒரு சுத்து முடிச்சுட்டு வந்துடறேன்.”

“சரி சரி. நீங்க சுத்தை முடிங்க.”

பின்னால் யாரும் வரவில்லை. ஆனால் போட்ட தடத்தைக் காலால் மிதிப்பது எங்கள் ஊரில் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைக்கிற மாதிரி. ஹில்டிங் போனார். கோட்டும் தொப்பியுமாகத் தண்ணீருக்குள் இருந்த குன்வோரைப் பார்த்ததும், அது பிள்ளை வளர்ப்பு சம்பந்தமான ஏதோ பயிற்சி என்று எண்ணியிருக்க வேண்டும், தன் குல்லாயைக் கழற்றி வணக்கம் சொன்னார். மறுபடி மாட்டிக்கொள்ளும்போது மூன்றாவது வளைவு வந்துவிட்டது.

மீன் பிடிக்க வந்த கிழவர் ஒருவர் தடத்தையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். வெளியூர்க்காரர். குன்வோரை மட்டும் உயிரோடு இழுக்க முடிந்தது. மற்ற இருவரின் அடக்கமும் வெள்ளிக்கிழமை என்று கேள்விப்பட்டேன். டோர்ஸ்டனுக்காக எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. என் மனசு கோணக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள் அவர்.

நான் ஏன் ஓடிப்போய்த் தூக்கவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். குண்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கையை நுழைத்துக் குமிழைத் திருகினால் ஆடுகிறவருக்கு என்ன பயிற்சி? மருத்துவமனையிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன், அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் கொல்ல நினைக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தடம் மூன்றாவது வளைவோடு நிற்கவில்லை, நான் நின்ற இடம் வரைக்கும் வருகிறது, உங்கள் ஆட்களே நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள். நிதானமான யாரும் கரை சேர்ந்திருக்கலாம். சேர்ந்தவர்களின் கையைக் குலுக்கி, சூடாக சூப் ஊற்றிக் கொடுத்து, இப்போது சொல்லுங்கள், குழி வேண்டுமா வேண்டாமா என்று கேட்கத்தான் அந்தக் குளிரில் அத்தனை நேரம் நின்றேன். மூன்று பேரும் வருவார்கள் என்று முழுமனதாக நம்பினேன்.

பையில் பிளாஸ்க்கோடு எத்தனை கோப்பை இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்று. அதில் நான் குடித்தேன்.

நீங்கள் எடுக்கப்போவதில்லை என்றால், அந்தக் கடைசி பன்னை நானே முழுசாக எடுத்துக்கொள்கிறேன்.