பாப்பாவின் வலது கண்

மகேஸ்வரன்: புள்ளய கூட்டிட்டு வா விது. பதினொரு மணிக்குத்தானே ஆப்பரேசன்? அதுக்குள்ள போயிருவோம். வேன ரோட்டுலயே நிப்பாட்டிட்டு ஓடியாந்தேன்.

விதுஷா: எங்க போறது?

மகேஸ்வரன்: வீட்டுக்குத்தான்!

விதுஷா: மெதுவா பேசுங்க... வார்டே பாக்குது.

மகேஸ்வரன்: பாக்கட்டும். அஞ்சு வயசுப் புள்ள கண்ணுல கத்தி வைப்பாங்க, அப்பன் சும்மா இருக்கணுமா?

விதுஷா: கண்ணுல இருக்குற அந்தக் கட்டியில திரும்பவும் முடி மொளச்சிருக்குங்க. குத்துதும்மா குத்துதும்மான்னு ராவெல்லாம் அழுதா. வலது கண்ணால என் விரல எண்ணத் தெரியல அவளுக்கு!

மகேஸ்வரன்: புத்துநோய் இல்லன்னுதானே சொன்னாங்க?

விதுஷா: இல்லதான். வயித்துல இருக்கயிலயே வந்த சதையாம். ஆயிரத்துல ஒரு புள்ளைக்குக்கூட வராதாம். ஆனா விட்டுட்டா அந்தக் கண்ணு பாக்குறதையே மறந்துருமாம்.

மகேஸ்வரன்: எங்கம்மா முத்துமாரிக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்திருக்காங்க. தேர் முடியட்டும்...

விதுஷா: போன வருசத் தேருக்கும் இதத்தான் சொன்னீங்க. வேன ஓரங்கட்டத் தெரியுது, அம்மா பேச்ச ஓரங்கட்டத் தெரியல.

மகேஸ்வரன்: ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?

விதுஷா: என்னயத்தான் ஏசுவாங்க. புதுசா? "கிரகணத்துல வயித்தத் தள்ளிக்கிட்டு வெளிய போனவ..."

மகேஸ்வரன்: அத இப்ப ஏன் இழுக்குற?

விதுஷா: அஞ்சு வருசமா இழுக்குறாங்களே! அன்னைக்கு நான் எதுக்கு வெளிய போனேன்?

மகேஸ்வரன்: விது...

விதுஷா: சொல்லுங்க.

மகேஸ்வரன்: ...நாந்தான் கூப்பிட்டேன். வேன் சாவிய மறந்துட்டேன், வேன் நிக்கிற அலுவிகாரை சந்திக்குக் கொண்டாந்து குடுன்னு.

விதுஷா: அத ஒரு நாளாச்சும் அம்மாகிட்ட சொன்னீங்களா?

மகேஸ்வரன்: வாய் வரல. நான் செஞ்ச பாவந்தான் புள்ள கண்ணுல நிக்குது. இப்ப கத்தி பட்டு அந்தக் கண்ணே போயிட்டா... நான் உசுரோட இருக்க மாட்டேன்.

விதுஷா: ஐயோ, கிரகணத்தால வராதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே...

மகேஸ்வரன்: இன்னைக்கு வேணாம்மா. நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாப்பா எந்தக் கட்டில்ல இருக்கா?

விதுஷா: கட்டில்ல இல்லங்க. நீங்க வந்து தூக்கிட்டுப் போயிருவீங்கன்னுதான் பதினொரு மணின்னு பொய் சொன்னேன். எட்டரைக்கே நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்... இந்நேரம் கட்டிய வெட்டி எடுத்திருப்பாங்க. இப்படி வந்து உக்காருங்க, அவள வெளிய கொண்டாற வரைக்கும் என் பக்கத்துல இருங்க.