கரி இஞ்சின் வந்த ஞாயித்துக்கிழமை

எனக்குப் பூனைன்னா உசுருங்க. ஒண்டிக்கடை முக்குல இருக்கிற என் ஸ்டுடியோவுல எலித்தொல்லைன்னு ஒரு குட்டியைக் கொண்டாந்தேன். இப்ப அது கல்லாப்பெட்டி மேல வந்து படுக்காட்டி எனக்குக் கடையில இருப்புக் கொள்ளாது. நல்ல கருப்பு. தடவிக் குடுத்தா உள்ளுக்குள்ள குடுகுடுன்னு ஒரு சத்தம் ஓடும், அதனால இஞ்சின்னு பேரு வெச்சேன். அந்த வாயில்லாச் சீவன் மேல இந்தக் கூட்டத்துல யாரும் பழி போட வேண்டாம். அது செஞ்சதெல்லாம் நான் சொல்லிச் செஞ்சது. அதையும் அது ஒழுங்காச் செய்யலை, அது வேற கதை.

எங்க அக்கா வெள்ளையம்மா ஊட்டு வாசல்ல நீங்க இத்தனை பேரு எதுக்குக் கூடியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வெண்ணிலா என் அக்கா மக. அவ நிச்சயத்துல மாப்பிள்ளை ஊட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் கை நீட்டி வாங்கணும். அந்தத் தட்டை இனிமே இந்த அங்கப்பன் கையில குடுக்கலாமா வேண்டாமான்னு பேசத்தான் வந்திருக்கீங்க. பேசுங்க, நான் ஒண்ணும் குறுக்க நிக்கலை. அதுக்கு முன்னால நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். நான் கோவக்காரன் இல்லை, யோசிக்காம எதையும் செய்யறவனும் இல்லை. கேட்டு முடிச்சா உங்களுக்கே புரியும்.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் புடிக்கிறது என் தொழில். ரயில் படம் புடிக்கிறது என் சந்தோசம். அந்தக் காலத்துக் கரி இஞ்சின் ஒண்ணைத் தூசி தட்டி, சேலத்துல இருந்து நம்ம மலையடிவாரம் வழியா ஒரே ஒரு நாள் ஓட்டப்போறாங்கன்னு சேதி வந்ததும் எனக்குச் சோறு தண்ணி இறங்கலை. ரயில் வர்றப்ப ஓடிப்போய் கேமராவை நீட்டினா படம் வந்துடாதுங்க. அதுக்கு எடம் பாக்கணும். எங்க நின்னா வளைவு தெரியும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், முன்னால என்ன மறைக்கும், எல்லாம் பாக்கணும்.

பாத்தேன். பைக்கைப் போட்டுக்கிட்டு மலை பூராச் சுத்தினேன். டூரிஸ்ட்டுங்க வர்ற பாறை ஒண்ணு அம்சமா இருந்துது, ஆனா அங்க நாலு பேரு முதுகுக்கு நடுவுலதான் ரயிலைப் பாக்க முடியும். கோயில் பாறைக்குப் போனேன். செருப்பைக் கழட்டிட்டு நின்னா கால் வெந்துபோச்சு. ஒரு எஸ்டேட் ஓரத்துல அருமையான எடம் கிடைச்சுது, குரங்கு வந்து லென்ஸ் மூடியைப் புடுங்கிட்டுப் போயிருச்சு. இன்னைக்கும் அது அந்த மரத்துலதான் இருக்கு.

கடைசியில ஒரு நாள் தலைச்சோலை தாண்டி அக்கா ஊட்டுக்குக் காப்பி குடிக்க வந்தேன். டம்ளரோட, காப்பிக்கொட்டை காயப்போடற இந்தக் களத்துல நின்னு கீழே பாக்கிறேன், தண்டவாளம் அரிவாள் மாதிரி வளைஞ்சு கிடக்குது. மலை பூரா அலைஞ்சவனுக்கு எடம் அக்கா வாசல்லயே இருந்திருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. அக்கா, காப்பியில சக்கரை பத்தலையான்னு கேட்டா.

மறைப்பு ஒண்ணு ரெண்டு இருந்துது. மிளகுக்கொடி ஏத்தின சில்வர் ஓக் மரம் ஒண்ணு வளைவை மறைச்சுது. அதைச் சாய்ச்சேன். காட்டெருமை முட்டித் தள்ளியிருக்கும்னு அக்கா ஊட்டுக்காரரு சொன்னாரு, நான் மறுத்துப் பேசலை. காட்டெருமை எப்பருந்து ரம்பம் வெச்சு அறுக்குதுன்னு அவரும் கேக்கலை. துணி காயப்போடற கம்பியை அவுத்தேன். நாய்க்கூண்டைப் பின்னாடி தள்ளினேன். கீழே ரயில் பாதையோரம் வரிசையா நிக்கிற கரண்டுக் கம்பத்தை மட்டும் ஒண்ணும் செய்யலை. அந்த அளவுக்கு எனக்கு நிதானம் உண்டு.

அதுக்கப்புறம்தான் அக்கா வாயில வந்துது, வெண்ணிலா நிச்சயமும் அதே ஞாயித்துக்கிழமைன்னு.

மாப்பிள்ளை சக்தி, மாரமங்கலத்துச் செங்கோடண்ணன் மகன். தங்கமான பையன். வெண்ணிலாவுக்கு அவன்னா உசுரு, போன்ல பேசிப் பேசி அவ காதே பழுத்துப்போச்சு. நானும் சந்தோசப்பட்டேன். ஆனா நல்ல நேரம் பத்தரைக்கு ஆரம்பிக்குது, ரயிலும் பத்தரைக்கு வருது. தட்டு வாங்கறவன் கிழக்கே பாத்து உள்ளே உக்காரணும். ரயில் மேற்கே போகுது.

அக்காகிட்ட நயமாத்தான் கேட்டேன், அடுத்த வாரம் வெச்சுக்கலாமேன்னு.

"ஏண்டா அங்கப்பா, என் புள்ளை வாழ்க்கையை விட உனக்கு அந்தப் பொகைவண்டி பெருசாப் போச்சா?"

அப்படிக் கேட்டா என்னங்க பதில் சொல்றது? இல்லக்கான்னு சொன்னேன். பெருசு சிறுசுன்னு இதுல எதுவும் இல்லை. ஒரு கால் மணி நேரந்தான் பிரச்சனை. காத்தடிக்கும்னு சொல்லிப் பந்தலை ஊட்டுக்குப் பின்னாடி போட வெச்சேன். நிச்சயத்துக்கும் நான்தான் போட்டோக்காரன், அதனால களத்துல ஸ்டாண்டைப் போட்டு நின்னதை யாரும் தப்பா நினைக்கலை. மாப்பிள்ளை ஊட்டு வேன் கால் மணி நேரம் பிந்தி வந்தாப் போதும், எல்லாருக்கும் நல்லது.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லணுமா? நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்ப எங்க போறீங்கன்னு யாராச்சும் கேட்டுட்டா, திரும்ப உள்ளே வந்து உக்காந்து, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சு ஆறி அமர்ந்துதான் மறுபடி கிளம்பணும். கால் மணி நேரம் தாராளமா ஓடிரும். நான் சகுனத்தை நம்பறவன் இல்லைங்க. ஆனா நம்பறவங்களை மதிக்கிறவன். அவங்க கிளம்பற நேரம் பாத்துச் செங்கோடண்ணனுக்குப் போன் போட்டு, "ஏனுங்ண்ணா, எங்கீங்க கிளம்பிட்டீங்க?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ, தண்ணி கொண்டாங்கன்னு சொல்றது கேட்டுது. காரியம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

முடியலைங்க. சேலம் ஜங்ஷன்ல என் சிநேகிதர் பஷீர் அகமது பாய் நிக்கிறாரு, அவருக்கும் என்னை மாதிரியே ரயில் கிறுக்கு. அவரு போன் போட்டாரு. "அங்கப்பா, வண்டி இன்னும் நகரவே இல்லைப்பா. இஞ்சினுக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்காங்க." ரயில் தாமதம். இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

இப்படி ஆகும்னு தெரிஞ்சு, காலையிலயே என் பூனை இஞ்சினைக் கூடையில வெச்சு, கொண்டை ஊசி வளைவுல டீக்கடை வெச்சிருக்கிற மரியசெல்விகிட்டக் குடுத்திருந்தேன். நான் போன் போட்டதும் தொறந்து விடு, அதுவா வந்துரும்னு சொல்லி வெச்சேன். போன் போட்டேன். பூனை குறுக்க ஓடியிருக்கணும். இது நட்ட நடு ரோட்டுல உக்காந்து காலை நக்கிக்கிட்டு இருந்திருக்கு. வேனை நிறுத்தி, எல்லாரும் இறங்கி, மரியசெல்வி கடையில உக்காந்து தண்ணி குடிச்சு, வந்ததுக்கு டீயும் குடிச்சிருக்காங்க. அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு நொம்ப நல்ல வியாபாரம். அதையும் கணக்குல சேத்துக்கங்க.

மறுபடி பாய் போன் போட்டாரு. "வண்டி கிளம்பிருச்சுப்பா." நான் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். வேன் முதல்ல வந்துரும். ரயில் அப்புறந்தான் வரும்.

இந்த எடத்தை நான் மறைக்க விரும்பலை. ரெண்டு தடை வந்தா தண்ணி குடிச்சுட்டு வரலாம். மூணாவது தடை வந்தா அந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சாமி சொல்லுதுன்னு அர்த்தம், வண்டியைத் திருப்பிருவாங்க. இது எனக்குத் தெரியுமான்னு நேத்து அக்கா கேட்டா. தெரியும். நம்ம சனத்துல பால்குடிப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்ப வெண்ணிலா களத்துக்கு வந்தா. பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கீழே ரோட்டைப் பாத்துக்கிட்டே, "மாமா, வந்துட்டாங்களா?"ன்னு கேட்டா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு, நான் தூக்கி வளத்த புள்ளைங்க.

"வருவாங்க கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே விறகு விக்கிற சின்னத்தாயிக்குப் போன் போட்டேன். விருந்துக்கு விறகு பத்தலை, ஒரு கட்டு எடுத்துக்கிட்டு உடனே வா, குறுக்கு வழியில வராதே, வழுக்கும், ரோட்டு மேலயே வான்னு சொன்னேன். பாவம், அவ நல்ல மனசுக்காரி. மழையில நனைஞ்ச விறகாப் பாத்துத் தூக்கிக்கிட்டு நேரா வேனுக்கு எதிர்ல வந்திருக்கா. விறகுக்கட்டு எதிர்ல வந்தா அபசகுனம், அது மூணாவது தடை, வேன் திரும்பிருச்சு. அவ கட்டைக் கொண்டாந்து அடுப்படியில போட்டா, சமையல்காரரு அதை அடுப்புல வெச்சாரு. விவரம் யாருக்கும் தெரியாது, வெண்ணிலா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

அப்பத்தான் ரயில் வந்துது.

முன்னால ஒரு கரண்டு இஞ்சின். அதுக்குப் பின்னால என் கரி இஞ்சின், மாலையெல்லாம் போட்டுக்கிட்டு, அடுப்பு அணைஞ்சு, கல்யாண ஊட்டுல கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி இழுபட்டுப் போகுது. ஒரு துளி பொகை இல்லை. ஆனா பாருங்க, கடவுள் இருக்காரு. அந்த ஈர விறகுப் பொகை ஊட்டைச் சுத்திவந்து, களத்தைத் தாண்டி, சரியா அந்த இஞ்சின் தலைக்கு மேல படிஞ்சுது. அமுக்கினேன். கோயமுத்தூர்ல ஒரு போட்டிக்கு அனுப்பினேன், ஆறுதல் பரிசு. பொகை நொம்ப உயிரோட இருக்குன்னு எழுதியிருந்தாங்க.

மத்தது உங்களுக்குத் தெரியும். அவங்க டீ குடிச்ச நேரத்துல என் பூனை இஞ்சின் வேனுக்குள்ள ஏறிப் பரிசப் புடவை மேல படுத்துத் தூங்கிருச்சு. மாரமங்கலம் போய்ப் பாத்தா, கழுத்துப் பட்டையில ஸ்டுடியோ பேரும் என் நம்பரும். விளம்பரத்துக்காக நான் போட்டது. செங்கோடண்ணன் அந்த நம்பரைப் போட்டிருக்காரு, அவரு போன்ல 'தாய்மாமன் அங்கப்பன்'னு வந்திருக்கு. அப்புறம் மரியசெல்வி சொன்னா, சின்னத்தாயி சொன்னா. சாமி போட்ட தடை இல்லை, ஸ்டுடியோக்காரன் போட்ட தடைதான்னு தெரிஞ்சதும் மறுபடி வர ஒத்துக்கிட்டாங்க. தட்டை மட்டும் நான் வாங்கக் கூடாதாம்.

அந்தப் படத்தைக் கையோட கொண்டாந்திருக்கேன், எல்லாரும் பாருங்க. பாத்தா என் மேல இருக்கிற கோவம் போயிரும். வெண்ணிலா, நீயும் பாரு கண்ணு. என்ன தேடறே?

நீ எங்கேன்னா கேக்கறே? நின்னே கண்ணு, இல்லைன்னு சொல்லலை. இடது ஓரத்துல கரண்டு இஞ்சின், வலது ஓரத்துல நீ. அழுதுக்கிட்டு வேற இருந்தே. பச்சைப் பட்டா, பாக்கிறவங்க கண்ணு உன் பக்கமே போகுது. அதனால ரெண்டையும் வெட்டிட்டேன்.

அவ்வளவுதானுங்க. தட்டை யாரு வாங்கறதுன்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு, பெத்த மகளாட்டம் இவளைப் பாத்துக்கிட்டவன் நான். வேற ஒருத்தன் கை நீட்டி வாங்கினா இந்தப் புள்ளை மனசு என்ன பாடு படும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.