அலாரத்துக்குப் போகும் கம்பி

எனக்குச் சண்டை பிடிக்காது. இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் போய்ச் சமாதானம் பேசுவது சின்ன வயதிலிருந்தே என் வழக்கம். வேலையும் அதற்கேற்றாற்போலவே அமைந்தது.

எங்கள் நிறுவனம் வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் சுவாச இயந்திரம் செய்கிறது. இயந்திரத்துக்குள் எந்த மின் உறுப்பு எதோடு சேரவேண்டும் என்று கணினியில் வரைய ஒரு மென்பொருள். அதைப் பார்த்து மின்சுற்றுப் பலகையில் கம்பித்தடம் போட இன்னொன்று. இரண்டும் மாமியாரும் மருமகளும் மாதிரி, ஒன்று சொல்வது மற்றதன் காதில் ஏறாது. நடுவில் நின்று பேசிவைக்கும் நிரலை நான் எழுதினேன். அதைப் பாலம் என்றார்கள், என்னைப் பஞ்சாயத்து என்றார்கள்.

ஒவ்வொரு முறை படம் பாலத்தைக் கடக்கும்போதும் பிழைப் புகார்கள் வந்து கொட்டும். பெரும்பாலும் புலி வருது கதைதான். வரைபவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஆகவே, ஒருமுறை பரவாயில்லை என்று ஒதுக்கிய புகாரை மறுபடி காட்டாதபடி செய்தேன். சரிபார்ப்புப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். கறார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டிடுமா சார்? படம் மாறினா எது பழைய புகார்னு உங்க பாலத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னதுதான் நடந்தது. படத்தில் உறுப்புகளின் எண்களை மாற்றிப் போட்டபோது, பழைய புகாருக்குக் கொடுத்த விலக்கு ஒன்று புதிய பிழையின்மேல் போய் உட்கார்ந்து அதை மறைத்துவிட்டது. அலாரம் அடிக்க மட்டுமே வைத்த சின்னப் பேட்டரியிலிருந்து அலாரத்துக்குப் போகும் கம்பி பலகையில் இல்லை. மின்சாரம் இருக்கும்வரை அலாரம் அடிக்கும், சோதனை மேசையில் எப்போதும் மின்சாரம் இருந்தது. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், அலாரமும் வாய் திறக்காது. ஓடிவந்து, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையை மாட்டவேண்டியவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் இதைக் கண்டுபிடித்தபோது முதல் தொகுதி வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. பாலத்தை அன்றே திருத்தினேன். போனவற்றைப் பற்றி வாய் திறந்திருந்தால் பாலத்தையே பிடுங்கிப் போட்டிருப்பார்கள். கறார் முன்னால் நான் தலைகுனிந்து நிற்கவேண்டும். மின்சாரம் என்ன, தினமுமா போகிறது?

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணனுக்குத் தசைகள் தளர்ந்து, தானாக மூச்சுவிட முடியாமல் போயிற்று. மேலாளர் முதல் தொகுதியில் மிச்சமிருந்த ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். யோசித்துப் பார்த்தேன். ஊரார் வீட்டுக்கு ஆகும், நம் வீட்டுக்கு ஆகாது என்பது நியாயமில்லை. நானே கொண்டுபோய் மாட்டினேன்.

"நீ செஞ்ச மிஷினு தம்பி. இனிமே நானும் கொஞ்சம் கண்ணசரலாம்" என்றார் அண்ணி.

மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி ஓடியிருந்தால் அது நின்ற புழுக்கத்திலாவது அண்ணி விழித்திருப்பார். நல்ல குளிர். அவர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டிலில் அண்ணன் சத்தமில்லாமல் போய்விட்டார்.

"அலாரம் அடிச்சுதா தம்பி? எனக்குக் கேக்கவே இல்லையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அடிச்சிருக்கும் அண்ணி. அசதியில தூங்கிட்டீங்க" என்றேன்.

அன்றிலிருந்து அவருக்கு அது கேட்கிறது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடுகிறார். "அடிக்குது தம்பி, அணைச்சிடேன்" என்கிறார். இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது, பேட்டரியைக்கூடக் கழற்றியாயிற்று. நான் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவேன். அண்ணி அமைதியாகிவிடுவார். இப்போதெல்லாம் சில நாள் அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கும் கேட்டுவிடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

விசாரணை என்று கூட்டிவந்து மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மத்தியானம் ஆகிறது, என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். அணைக்க ஆளில்லாமல் அண்ணி தவித்துப்போவார். பாவம், அவருக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?